வெளிநாட்டு ரசிகர்களுக்கான தனி வரிசை

விருந்தாளியை மதிக்கத் தெரிந்த நகரம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த நகரத்தில்தான் நான் நாற்காலி மாட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வந்து இறங்கிய அன்றே எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கம்பெனி அன்போடு வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டது. வந்த இடத்தில் தொலைத்துவிட்டு நிற்பார்களே என்ற கவலைதான். பெற்ற தாய்கூட இப்படிக் கவலைப்பட்டதில்லை.

நாற்காலி மாட்டியது ஒரு மாபெரும் அரங்கத்தில். அங்கே நடக்கப்போவது இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி. பத்து வீரர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கி வந்து, அவர்கள் உட்கார்ந்திருப்பதை உட்கார்ந்து பார்ப்பார்கள். மனிதன் ஓடி வியர்த்து விளையாடிய காட்டுமிராண்டிக் காலம் ஒருவழியாக முடிந்தது என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நாங்கள் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

அரங்கத்து நாற்காலியை நாங்கள் தூக்கலாம், திருகலாம், துடைக்கலாம். உட்காரக் கூடாது. உட்கார்ந்து பார்த்தவர்கள் கதி என்னவென்று மேஸ்திரி சொன்னதே இல்லை. அதனாலேயே யாரும் உட்காரவில்லை.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. ஊருக்குப் போக லீவு. நான் புறப்பட்டு வந்தபோது என் மகள் அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் சேரப் போகிறாள். முதல் நாள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன் என்று போனில் சொல்லிவிட்டாள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரியிடம் எப்போது கேட்டாலும் “பாக்கலாம்” என்பார். நல்ல கண்பார்வை உள்ள மனிதர். எவ்வளவு காலமானாலும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

போட்டிக்கு முந்தின நாள் அவர் எங்கள் தங்குமிடத்துக்கே வந்தார்.

“நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வரவேணாம்.”

என் மேல்கட்டில்காரன் கொட்டாவி (அது பெயரல்ல, அவன் ஓயாமல் செய்யும் காரியம்) வாயைத் திறந்தவன் மூட மறந்து கேட்டான்: “என்ன தப்பு பண்ணினோம் மேஸ்திரி?”

“தப்பு இல்லய்யா. நாளைக்கு நீங்கல்லாம் வெளிநாட்டு ரசிகர்கள்.”

“யாரு?”

“நீங்கதான். போட்டிக்கு ‘உலக’ப் போட்டின்னு பேர் வெச்சுட்டாங்க. உலகத்துலேர்ந்து ஒரு பய டிக்கெட் வாங்கல. டிவியில வெளிநாட்டுக்காரங்க நாலு பேரு தெரியலேன்னா மானம் போயிடுமாம்.”

“நாங்க எப்படி மேஸ்திரி...”

“ஏன், நீங்க என்ன உள்ளூரா?”

கொட்டாவி யோசித்தான். “அட, ஆமால்ல.”

“அத போட்டி நடத்தறவங்களோட விளம்பர அதிகாரிதான் கண்டுபிடிச்சாரு. இத்தனை வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படலியே!”

இப்படியாக நேற்றுவரை ‘ஆட்கள்’ என்று அழைக்கப்பட்ட நாங்கள் ஒரே இரவில் ‘விருந்தினர்கள்’ ஆனோம். மற்றவர்கள் மேஸ்திரி கொடுத்த புதுச் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மேஸ்திரியைத் தனியாகப் பிடித்தேன்.

“மேஸ்திரி, என் லீவு...”

“நாளைக்கு நல்லா கை தட்டு. அதிகாரி மனசு குளிர்ந்துச்சுன்னா அங்கேயே உன் லீவுக்குக் கையெழுத்து வாங்கித் தர்றேன்.”

அன்று ராத்திரி என் மனைவிக்கு போன் போட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டு டிவியில் பார்க்கச் சொன்னேன். “எத பாக்கறது?” என்றாள். “என்னத்தான்” என்றேன். “நீங்க அதுல விளையாடறீங்களா?” “இல்ல, விளையாடறத பாக்கறேன்.” “அதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க?” என்றாள்.

மறுநாள் எங்களை ஏற்றிப்போக ஏசி பஸ் வந்தது. தினமும் எங்கள் பைகளைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதிக்கும் வாசல் காவலாளி அன்று நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். கொட்டாவி பழக்க தோஷத்தில் தன் பையைத் தானே கவிழ்த்துக் கொட்டினான்.

உள்ளே, மேடைக்கு நேராக எங்களுக்கென்று தனி வரிசை. எல்லோரும் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றோம். ஒருவரும் உட்காரவில்லை.

“உக்காருங்கய்யா!” என்று மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

“நெசமாவா?”

“உக்காரலேன்னா வேலை போயிடும்!”

உட்கார்ந்தோம். இரண்டு மாதம் அந்த நாற்காலிகளோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. கொட்டாவி மட்டும் நெளிந்தான். “அண்ணே, இது ஆடுது. இது நம்ம மாட்டினது இல்ல, ரெண்டாம் ஷிப்ட்காரன் மாட்டினது” என்று குனிந்து, சட்டைக்குள்ளிருந்து ஸ்பானரை எடுத்தான். ரசிகர்கள் இதைச் செய்யக் கூடாது என்று மேஸ்திரி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

போர் தொடங்கியது. கண்ணாடி அறைகளில் நீலச்சட்டை ஐவர், சிவப்புச்சட்டை ஐவர். திரையில் இரண்டு கோட்டைகள். யார் யாரை அடிக்கிறார்கள், ஏன் அடிக்கிறார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மேஸ்திரி கையைத் தூக்கும்போதெல்லாம் தட்டினோம். நான் லீவை நினைத்துத் தட்டினேன். பக்கத்து வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நடுவில் பெரும் சோகம். நீலச்சட்டை வீரர் ஒருவர் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் நின்றது. டாக்டர் ஓடிவந்தார். ஒருவர் வெந்நீர்ப் பை கொண்டுவந்தார், இன்னொருவர் தோளைப் பிடித்துவிட்டார், மூன்றாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கமே அந்த விரலுக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தது.

கொட்டாவி என் காதில் கேட்டான்: “அண்ணே, நம்ம வெல்டர் கையில இரும்புத் தகடு விழுந்துச்சே, அன்னிக்கு மேஸ்திரி என்ன சொன்னாரு?”

“‘இன்னொரு கை சும்மாதானே இருக்கு’ன்னாரு.”

“அதானே பாத்தேன்.”

வெல்டர் விளையாட்டு வீரர் அல்ல. அவர் உடம்பை வைத்து வேலை செய்கிறவர். அந்த வித்தியாசம் தெரியாமல் கொட்டாவி பேசுகிறான்.

விரல் பிழைத்தது. ஆனால் நீலக்கட்சி பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டார்கள். சிவப்புக்காரர்கள் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அப்போது கோட்டையின் அபாயச் சங்கு முழங்கியது.

அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும். அரங்கத்தார் சிக்கனமானவர்கள், கட்டட வேலை நடந்தபோது தினமும் ஷிப்ட் முடிவில் ஊதிய அதே சங்கைப் போட்டிக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கு ஊதினால் எழுந்துவிட வேண்டும். எழாதவனை லாரி விட்டுவிட்டுப் போய்விடும். அவன் தங்குமிடம்வரை நடக்க வேண்டும். ஆகவே அதைக் கேட்பது எங்கள் காது இல்லை, முழங்கால். வரிசை முழுக்க ஒரே ஆளாக எழுந்தோம். நாள் முழுக்கக் குனிந்த முதுகைச் சொடுக்கெடுக்க, வழக்கம்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நெளித்தோம்.

மறுநொடி நீலச்சட்டைக்காரர் அந்தப் பிழைத்த விரலால் என்னவோ அழுத்தினார். திரை வெடித்தது. சிவப்புப் படை பொடிப்பொடியானது. நீலம் வென்றது.

அரங்கமே எழுந்தது. ஆனால் மற்றவர்கள் வெற்றிக்குப் பிறகு எழுந்தவர்கள். நாங்கள் வெற்றிக்கு முன்பே எழுந்தவர்கள்! பெரிய திரையில் எங்களையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். மேஸ்திரி மொழிபெயர்த்தார்: “இந்த ஆட்டத்தோட ஆழம் வெளிநாட்டு ரசிகர்களுக்குத்தான் தெரியுமாம்! ஆட்டக்காரனுக்குத் தோணறதுக்கு முன்னாடியே இவங்களுக்குத் தோணிடுச்சாம்!”

கொட்டாவி மெல்லக் கேட்டான்: “லாரி எங்கண்ணே?”

அதற்குள் என் மனைவி போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

“என்னங்க, பாத்துட்டோம்! பாப்பா சட்டுனு உங்கள அடையாளம் கண்டுபிடிச்சுட்டா!”

“என்ன சொல்றா?”

“‘அப்பாவுக்குக் கால் இருக்கா?’ன்னு கேக்கறா. இதுவரைக்கும் போன்ல மூஞ்சிய மட்டும்தானே பாத்திருக்கா.”

“இருக்கு, நடந்து வந்து காட்டறேன்னு சொல்லு” என்றேன்.

விளம்பர அதிகாரி எங்களை நோக்கி ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். என் முறை வந்ததும் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் வாக்குத் தவறாதவர். அங்கேயே என் லீவு விஷயத்தை எடுத்துச் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் தோளில் தட்டி நீளமாகப் பேசினார்.

“என்ன சொல்றாரு மேஸ்திரி?”

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “இந்த சீசன் முழுக்க உங்க வரிசையத்தான் டிவியில காட்டப் போறாங்களாம்.”

“சந்தோஷம். லீவு?”

“நீ ஊருக்குப் போயிட்டா அங்க உள்ளூர்க்காரன் ஆயிடுவியாம். உள்ளூர்க்காரன வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்றது? வெளிநாட்டு ரசிகனா இருக்கணும்னா நீ வெளிநாட்டுலதான் இருக்கணும்னு சொல்றாரு. யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருக்கு.”

யோசித்துப் பார்த்தேன். கேள்விக்கு இடமில்லாத நியாயம்.

என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளில் இங்கே அரையிறுதி. அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் மெத்தென்ற நாற்காலியிலிருந்து, சங்கு ஊதியதும் எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கினேன். இப்போது அதற்குத் தனியாக ஒத்திகை உண்டு. டீச்சர் என் மகளிடம், “உங்க அப்பா என்ன வேலை பாக்கறார்?” என்று கேட்டாராம்.

“கையத் தூக்கிட்டு நிக்கறார்” என்றாளாம்.

இந்த நகரத்தின் உபசாரத்தை நான் எங்கேயும் சொல்லுவேன். புறப்படுகிறேன் என்கிற விருந்தாளியை ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க’ என்று எல்லா ஊரிலும்தான் வற்புறுத்துவார்கள். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வற்புறுத்துவது இங்கே மட்டும்தான்.