சில்லுக் குழிக்குள் போட்டது யார்?

அன்புள்ள மாமாவுக்கு, சிசுரு வணங்கி எழுதுவது. ஹொக்கைடோப் பனி இங்கே ஜன்னலை மூடிவிட்டது. அங்கே உங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை, மாமா. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று நீங்கள் பெருமைப்பட்டீர்கள்; படித்தவளாயிற்றே என்று இந்த ஊர்க்காரர்கள் மரச்சில்லு பாய்லரை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் படித்ததோ பழங்கவிதை. ஊர்மன்றம், குழந்தைகள் காப்பகம், பொதுக் குளியல் மூன்றுக்கும் இந்த ஒரு நெருப்புதான் சூடு. பனிப்புயலால் இந்த ஆண்டு கோயிலில் புத்தாண்டு அலங்காரங்களையும் பலித்த வேண்டுதல் பொம்மைகளையும் எரிக்கும் சடங்கு இல்லை என்றதும் ஊரே பாய்லர் அறைக்கு வந்துவிட்டது. டோஃபுக் கடை கனமே அக்கா, வேண்டும்போது ஒரு கண்ணும் பலித்ததும் மறுகண்ணும் வரைந்த தருமா பொம்மையை நீட்டி, "நெருப்புன்னா நெருப்புதானேம்மா! சாமி கோச்சுக்கவா போகுது?" என்றார். "அக்கா, சில்லைத் தவிர வேற எதுவும்..." என்று நான் இழுப்பதற்குள் பொம்மையைக் கும்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டேன். இப்போது என் அறையில் நாற்பத்தொரு தருமாக்கள் என்னை முறைக்கின்றன. ஒன்றைக்கூட நான் சில்லு கொட்டிவைக்கும் குழிக்குள் போகவிடவில்லை. அப்படியும் திங்களன்று சில்லைத் தள்ளும் திருகுத்தண்டு எதிலோ சிக்கி பாய்லர் நின்றுவிட்டது, குளியலில் இருந்தவர்கள் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்கள், சபைத் தலைவர் கோட்டுக்குள் நடுங்கியபடி, "பாய்லர் கோளாறுன்னா கழட்டிட்டு மண்ணெண்ணெய்க்கே போயிடுவோம். எவனாச்சும் எதையாச்சும் போட்டிருந்தா அது வேற கதை. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளக் கண்டுபிடி, தாயி" என்றார். பாய்லர் போனால் என் வேலையும் போகும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடுமையாக எழுதினேன்: 'குழியில் கண்டதைப் போட்டவர் வெள்ளியன்று மன்றத்தில் எல்லோர் முன்னும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கவும்.' அதை வீடு வீடாகச் சுற்றிவரும் சுற்றறிக்கைப் பலகையில் செருகி அனுப்பினேன். இருபத்து மூன்று வீட்டார் படித்ததற்கு அடையாளமாகத் தங்கள் முத்திரையைக் குத்திவிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மனிதர்களுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா? உங்கள் நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா, மாமா?

அத்தைக்கு என் வணக்கம். குளிர் உங்கள் வாசல் ஏறாதிருக்கட்டும்.

சிசுரு

பி.கு.: மெக்கானிக் ஓனுகி அண்ணன் இப்போதுதான் தண்டிலிருந்து நசுங்கிய தருமா ஒன்றை உருவினார். "முதுகுல என்னமோ எழுதியிருக்கு. படிச்ச பொண்ணு, நீயே படி."

'சிசுருவுக்கு வேலை கிடைக்க.' உங்கள் கையெழுத்து, மாமா; எனக்காக வேண்டிக்கொண்டு நீங்கள் அனுப்பிய தருமா. வேலையில் சேர்ந்த முதல் நாள், மறுகண்ணை வரைந்து, நன்றி சொல்லி, நான்தான் குழியில் இறக்கினேன். அது அடிக்கு வந்துசேர ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

பாய்லர் பிழைத்தது. பலகைக்குக் கடைசி வீடு என்னுடையது; நாளை வரும். முத்திரையை எடுத்து வைத்துவிட்டேன். பாத்திரம் கழுவும் வேலையை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.