நோகடிப்பு: பூஜ்யம்

மனித குலம் தவறு செய்வதை நிறுத்திக்கொண்ட நாள் என்று வரலாற்றில் ஒன்று குறிக்கப்படுமானால், அது எங்கள் யுகுலேலே பயிற்சி நிலையத்தில் ‘கருத்துரைப் பிரிவு’ திறக்கப்பட்ட அந்தத் திங்கட்கிழமையாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து எங்கள் மாணவர்கள் நானூற்றுப் பதினாறு பேரில் ஒருவர்கூடத் தப்பாக வாசித்ததில்லை. அதற்கான ஆவணங்கள் அனைத்தும் என் மேஜையில்தான் இருக்கின்றன. நான் அந்தப் பிரிவின் ஊக்க அலுவலர்.

யுகுலேலே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிதார் குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ மாதிரி இருக்கும். நான்கே தந்திகள். கையில் எடுத்தவுடன் எல்லோருக்கும் தமக்கு வாசிக்க வரும் என்று தோன்றிவிடும். அந்த எண்ணத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வைப்பதுதான் எங்கள் வேலை. மாணவர்கள் வீட்டில் வாசித்து வீடியோ அனுப்புவார்கள். நாங்கள் பார்த்து நான்கு வரி எழுதி அனுப்புவோம்.

இந்த நான்கு வரியை மனம்போன போக்கில் எழுதிவிட முடியாது. அதற்கு ஒரு கையேடு உண்டு. விரல் தப்பான இடத்தில் விழுந்தால், ‘விரல்களின் சுதந்திரம் பாராட்டுக்குரியது’. தாளம் தப்பினால், ‘தாளத்தைக் கடந்து செல்கிறீர்கள்’. பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டால், ‘மௌனத்தைத் துணிச்சலாகக் கையாள்கிறீர்கள்’. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விலக்கப்பட்ட சொற்கள் இருக்கின்றன. ‘ஆனால்’, ‘கொஞ்சம்’, ‘இன்னொரு தடவை’ ஆகியவற்றோடு ‘சுருதி’ என்ற சொல்லும் அதில் உண்டு.

சுருதி எப்படி அங்கே போனது என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் முதல் பாடமே சுருதி சேர்ப்பதுதானாம். வாத்தியத்தின் தலையில் இருக்கும் நான்கு திருகுகளைத் திருகித் தந்திகளைச் சரியான ஸ்வரத்தில் நிறுத்துவது. நைலான் தந்தி தொளதொளவென்று இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் செய்ய வேண்டிய வேலை. அந்த முதல் வகுப்பில், “உங்க வாத்தியம் சுருதி விலகியிருக்கு” என்று சொன்னதும் பதினோரு பேர் மனம் நொந்து எழுந்து போய்விட்டார்கள். எங்கள் மேலாளர் அம்மையார் அன்று மாலையே கூட்டம் போட்டு அந்தப் பாடத்தை நீக்கினார். அதன் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. யாரும் சுருதி சேர்க்கவும் இல்லை.

இன்னொரு சீர்திருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஊக்க அலுவலர்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளில் அறுபது வீடியோ. தொடக்கத்தில் ஒலியோடு பார்த்தோம். ஒருவருக்குத் தலைசுற்றல் வந்தது. ஒருவர் சிரித்துவிட்டார், அவர் இப்போது எங்களோடு இல்லை. எனவே வீடியோவை ஒலி இல்லாமல் பார்த்து முகபாவத்தை வைத்துக் கருத்து எழுதும் முறை வந்தது. வேலை எவ்வளவு வேகமாக நடந்தது தெரியுமா? ஒரு பெண்மணி யுகுலேலேயை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு நேரத்தை எங்களைக் கேட்காமலே மாற்றிவிட்டீர்களே என்று மூன்று நிமிடம் சண்டை போட்டு அனுப்பியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ‘உணர்ச்சி பொங்குகிறது. இதே வேகத்தில் தொடருங்கள்’ என்று எழுதினேன். அவர் மறு வருடத்துக்கும் பதிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருடைய தகுதியை எப்படி அளப்பது? ‘நோகடிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. மாதத்தில் எத்தனை மாணவர்கள் மனம் நொந்தார்கள் என்ற எண். எனக்குப் பதினோரு மாதமாகப் பூஜ்யம். பன்னிரண்டாவது மாதமும் பூஜ்யமானால் மூத்த ஊக்க அலுவலர் பதவியும், கை வைத்துக்கொள்ள வசதியுள்ள நாற்காலியும் கிடைக்கும். அந்த மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை, மாணவர்களில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக் வந்தார்.

மாணவர்கள் எங்கள் அறைக்கு வருவதில்லை. அது வழக்கமில்லை. இவர் துணிப்பையில் யுகுலேலேயும், கக்கத்தில் ஒரு கனத்த ஃபைலுமாக நேரே என் மேஜைக்கு வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகத்தடியில் கிரீஸ். ஒலியில்லாத முகமாக வாராவாரம் பார்த்த ஆள்தான்.

“நீங்கதானே சார் எனக்கு எழுதுறது?” என்றார். “கையெழுத்து இல்லன்னாலும் எழுதுற தினுசுல தெரிஞ்சுபோச்சு. உக்காரலாமா?”

ஃபைலைப் பிரித்தார். ஒரு வருடமாக நான் எழுதியவை எல்லாம் பிரிண்ட் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. சில வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. என் எழுத்தை ஒருவர் படிப்பார் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

“வர்ற சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம் சார். சாயந்தரம் வரவேற்புல நான் மூணு நிமிஷம் வாசிக்கலாம்னு இருக்கேன். அவ அம்மா போனப்புறம், சின்னப் புள்ளைல அவ தூங்க மாட்டா. எனக்குப் பாட வராது. ஒரு மெட்டு, நானா கட்டினது, சீட்டியடிச்சுக்கிட்டே இருப்பேன். அதைக் கேட்டாத்தான் தூங்குவா. அதைத்தான் வாசிக்கப்போறேன். அவகிட்ட என்ன மெட்டுன்னு சொல்லல. கேட்டதும் அவளுக்கே தெரியணும்.”

“அருமை” என்றேன். கையேட்டில் ஒன்றாம் எண்.

“அவதான் பயப்படுறா சார். அவ ஆபீஸ் ஆளுங்க, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கன்னு எல்லாரும் இருப்பாங்க. ‘அப்பா, உங்க சார்கிட்ட நேர்ல போய்க் கேளுங்க. அவர் சரின்னா வாசிங்க. வேண்டாம்னா விட்டுடலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்’னுட்டா. எனக்கும் ஏதோ இடிக்குது சார். இருபத்தாறு வருஷமா மோட்டார் சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்றவன் நான். சத்தம் சரியில்லன்னா ஆளை ஏத்த மாட்டேன். இதுல என்னமோ சத்தம் சரியில்லன்னு காது சொல்லுது. அப்புறம் நீங்க எழுதினதை எடுத்துப் படிப்பேன். சரி, நம்ம காதுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவேன்.”

இப்படிச் சொல்லிவிட்டு யுகுலேலேயை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒலியோடு.

இங்கே என் வாழ்க்கையின் ஒரு களங்கத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த வேலையில் சேருமுன் ஆறு வருடம் நான் ஓர் இசைக்குழுவில் வாசித்தவன். விண்ணப்பத்தில் அதை மறைத்துவிட்டேன். அதனால் கேட்ட முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில் வாங்கிய நாளிலிருந்து அந்த நான்கு திருகுகளை யாரும் தொட்டதில்லை. நான்கு தந்திகளும் நான்கு திசையில் போய்விட்டிருந்தன. காது கூசியது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அந்த ஆளின் விரல்கள் அப்பழுக்கில்லாமல் ஓடின. ஒரு விரல் பிசகவில்லை. தாளம் கடிகாரமாக நின்றது. ராத்திரி பகலாக உழைத்திருக்கிறார். சுருதி சேர்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை. என் கை தானாகத் திருகுப் பக்கம் நீண்டது. அப்போது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேலாளர் அம்மையார் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

“மேடம், அவர்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்களேன். யார் வேண்டாம்னது?”

“கடைசிப் பக்கத்துல இருக்கிற வார்த்தை மேடம்.”

அம்மையாரின் சிரிப்பு மாறவில்லை. அவர் சிரிப்பு எதற்கும் மாறாது. “உங்களுக்கு எத்தனாவது மாசம் இது?”

“பன்னெண்டாவது.”

“அதான். பாசிட்டிவா சொல்லுங்க.”

“தந்தி தளர்ந்து கிடக்குதுன்றதை எப்படி மேடம் பாசிட்டிவா சொல்றது?”

அம்மையார் கண்ணை மூடி யோசித்தார். அவருக்கு இந்தப் பதவி சும்மா கிடைத்துவிடவில்லை. “வாத்தியம் நல்லா ஓய்வா இருக்குன்னு சொல்லுங்க. புரிஞ்சுக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க” என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். லிஃப்ட் மெக்கானிக் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியம் நல்லா ஓய்வா இருக்கு சார்” என்றேன்.

“அப்படின்னா?”

“டென்ஷனே இல்ல.”

“அப்ப வாசிக்கலாமா சார்? பளிச்சுன்னு சொல்லிடுங்க. வேண்டாம்னாலும் சரி, சங்கடப்படாதீங்க.”

“தாராளமா வாசிங்க. உங்களுக்குன்னு ஒரு தனிப் பாணி இருக்கு.”

அந்த முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கட்டாயம் வரணும் சார் என்று அழைப்பிதழ் கொடுத்தார். இப்படி ஒரு மனிதரை மகிழ்விக்கும் வேலை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சனிக்கிழமை மாலை போனேன். இருநூறு நாற்காலி கொள்ளும் மண்டபம். மணமக்கள் ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் எல்லாம் விறுவிறுப்பாக நடந்தது. மகள் என்னைத் தேடிக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு வந்தாள்.

“நீங்கதானே அப்பாவோட சார்? நிஜமாவே நல்லா வாசிக்கிறாரா? எனக்கென்னவோ ரூமுக்கு வெளிய நின்னு கேட்டப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. யாராவது சிரிச்சா அவர் தாங்க மாட்டார் சார். அதான் கேக்குறேன்.”

“பயமே வேண்டாம்மா. ரொம்ப தூரம் வந்துட்டார்.”

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு தானே போய் மைக்கை வாங்கி, “இப்ப எங்க அப்பா எனக்காக வாசிக்கப்போறார்” என்று அறிவித்தாள். கைதட்டல்.

அவர் வாசித்தார். மைக்செட் புதியது. ஒவ்வொரு தந்தியின் ஓய்வும் மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. முதல் வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “மைக் டெஸ்டிங் இன்னும் முடியலயா?” என்று கேட்டார். மகளின் அலுவலகத் தோழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். இன்னொருவர் போனில் படம் பிடித்தார். லிஃப்ட் மெக்கானிக் யாரையும் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வாசித்தார். அவள் சிரித்த முகமாக நின்றாள். தெரிந்த முகமாக நிற்கவில்லை. மூன்று நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முடிந்ததும் எல்லோரும் நன்றாகக் கைதட்டினார்கள். முடிந்த நிம்மதிக்கும் கைதட்டல் உண்டு. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“நல்லா இருந்துச்சுப்பா. என்ன பாட்டு இது?”

அவர் அவள் தலையைத் தடவினார். “சும்மாம்மா. புதுசு” என்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கினார். கார் புறப்பட்டது. விருந்தினர் கலைந்தார்கள். வேலையாட்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். அவர் மேடை ஓரத்தில் யுகுலேலேயோடு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்வது என் தொழில் என்பதால் பக்கத்தில் போய் நின்றேன்.

வயர் சுற்றிக்கொண்டிருந்த மைக்செட்காரர் வந்து, “அண்ணே, அதைக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டு வாங்கினார். போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, தந்தியைத் தட்டித் தட்டி நான்கு திருகுகளையும் முறுக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“இப்ப வாசிங்கண்ணே.”

அவர் வாசித்தார். அதே விரல்கள், அதே தாளம். மெட்டு வந்தது. ஒரு குழந்தை தூங்கியிருக்கக்கூடிய மெட்டுதான். நாற்காலி அடுக்கியவர்கள் நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். பாதியில் அவர் நிறுத்தினார்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதாண்ணே. சுருதி சேக்கணும், வேற ஒண்ணும் இல்ல. விரலெல்லாம் பக்காவா இருக்கு. யாருண்ணே உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது? ஒருத்தர்கூடவா இதைச் சொல்லல?”

“இதோ, சார்தான்” என்று என்னைக் காட்டினார் லிஃப்ட் மெக்கானிக். “தங்கமான மனுஷன். ஒரு வருஷமா எங்கிட்ட ஒரு குறை சொன்னதில்ல.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அந்தக் காதில் ஒரு கோளாறும் இல்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. மோட்டாரில் எந்த இடத்தில் பழுது என்று தேடுகிறவரின் குரல்தான்.

“சார், புதன்கிழமை உங்க முன்னாடி வாசிச்சேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

நான் அவரைத் தட்டிக்கொடுத்தேன்.

“நல்ல கேள்வி” என்றேன். “ரொம்ப நல்ல கேள்வி.”