நூற்றெட்டில் காலமான தலைவர்

தமிழில் யார் எதைச் சொன்னாலும் அதை எடைபோட்டுப் பார்த்த மனிதர் மலேசியாவிலேயே ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். அதில் என் பக்கத்து மேசைக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அசல் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் 'மூணு பைட்டு'.

ஒரு கணினி இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றித்தான் அனுப்பும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கா' என்றால் க தனி, துணைக்கால் தனி, ஆக ஆறு. இதை அவர் கீழே சாப்பாட்டுக் கடையில்கூட விடமாட்டார்.

"அண்ணே, ரொட்டி சானாய் முப்பத்தேழு பைட்டு. வேணாம். தோசை போடுங்க, பன்னெண்டுலயே முடிஞ்சிரும்."

கணக்குப் பிரிவு ஆன்டி தன் பேத்திக்கு யாழினி என்று பெயர் வைத்ததாக லட்டு கொடுத்தார். இவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "பதினெட்டு பைட்டு ஆன்டி! பச்சப்புள்ள தாங்குமா? உமான்னு வைங்க, ஒம்போதுதான்" என்றார். ஆன்டி லட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானில் உள்ள ஒரு சங்கம், உறுப்பினர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வேலையை எங்களிடம் கொடுத்தது. நிரலை எழுதியது நான். ஆங்கிலத்தில் சோதித்தேன், அழகாகப் போனது. மூணு பைட்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நீளத்துக்கு எழுத்த எண்ணுனீங்களா, பைட்ட எண்ணுனீங்களா?"

"ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா? போங்க லா!"

சனிக்கிழமை காலை முதல் தமிழ்ச் செய்தி போனது: 'நம் சங்கத் தலைவர் ராமையா அவர்கள் காலமான தம் தாயாரின் நினைவாக ஞாயிறன்று காலை மேருவில் அன்னதானம் வழங்குகிறார்.'

பத்து நிமிடத்தில் என் போன் அலறியது. சங்கச் செயலாளர்.

"தலைவர் எப்பம்மா போனாரு? நேத்துகூட எங்கிட்ட பேசினாரே!"

அவர் தன் கைப்பேசித் திரையைப் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்தேன். 'நம் சங்கத் தலைவர் ராமையா அவர்கள் காலமான'. அதோடு நின்றுவிட்டது.

மூணு பைட்டுக்குப் போன் போட்டேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி காரோடு வந்தார். வழியிலேயே கண்டுபிடித்துவிட்டார். "மொத்தம் நூத்தெட்டு குறி. நீங்க நீளம் நூத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் வாங்குற கணினி அத பைட்டுன்னு எடுத்து, நூத்தெட்டு பைட்டு வந்ததும் போதும்னு வெட்டிருச்சு. மூணுல ஒரு பங்குதான் போயிருக்கு."

கிள்ளான் பக்கத்து மேருவில் தலைவர் வீட்டு வாசலில் கூடாரம் ஏற்றிய லோரி நின்றது. மாலையும் கையுமாக முப்பது பேர். பூச்சோங்கிலிருந்து வந்த தங்கை, "அண்ணே!" என்று கதறிக்கொண்டு கேட்டைத் தள்ள, அண்ணன் கைலியோடு காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி வெளியே வந்து, "யாரு போயிட்டா?" என்று கேட்டார். தங்கை அங்கேயே மயங்கி விழுந்தார்.

தண்ணீர் தெளித்து அவரை எழுப்பி உட்கார வைத்தபோது நாங்கள் போய்ச் சேர்ந்தோம். தலைவர் எங்களைப் பார்த்துக் கத்தினார். "எவன் செஞ்ச வேல இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மூணு பைட்டு முன்னால் போய் நின்றார். "நான்தான் அங்கிள். பைட்டுக்குப் பதிலா எழுத்த எண்ணிட்டேன். தப்பு என்னுது."

வாசலில் கிடந்த மாலைகளைவிட அதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. தோசையைக்கூட எண்ணிச் சாப்பிடுகிறவர், கூட்டத்துக்கு நடுவில், தான் எண்ணத் தவறியதாகச் சொல்கிறார்! தலைவர் அவரைக் கால்மணி நேரம் திட்டினார். தலை குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் மூச்சு வாங்கிய தலைவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, செயலாளர் ஏன் இன்னும் வரல?" என்றார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்க தப்புன்னா அடுத்த வேல தரமாட்டாங்க, அக்கா. என் தப்புன்னா, பைத்தியம்னு விட்டுருவாங்க."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஃபெடரல் ஹைவேயில் எல்லாரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போக, நான் அழுது முடிக்கும்வரை அவர் இடது ஓரமாகவே காரை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார்.