கையில் இருப்பது கழிப்பறைச் சாவி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்கள் சமூகத்திற்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். தாங்களும் நல்ல தெம்போடு இருக்கிறீர்கள் என்பதை நேற்று வந்த கடிதத்தின் வசவுகளிலிருந்து தெரிந்துகொண்டேன். "ரெண்டு குடும்பம் நடத்தும் அயோக்கியனே" என்று ஆரம்பித்து, "என் தங்கச்சி இனி உன் வாசப்படியை மிதிக்க மாட்டா" என்று முடித்திருக்கிறீர்கள். பெரியவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நடந்தது இன்னதென்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம்.

நான் பூட்டு ரிப்பேர் செய்து சாவி போடுகிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே தங்கள் வீட்டு பீரோவைத் திறந்து கொடுத்துத்தான் பெண்ணை வாங்கினேன். போன மாதம் கடைத்தெரு போட்டோ ஸ்டுடியோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஸ்டுடியோவின் கழிப்பறைச் சாவி தொலைந்துவிட்டது, கதவு பூட்டிக் கிடக்கிறது, அவருக்கோ தாங்க முடியாத அவசரம். நான் போய்ப் பூட்டைப் பார்த்து, அரம் போட்டு ராவி, இரண்டு சாவி வீணாகி மூன்றாவது சாவியில் டக்கென்று திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் சாவியைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்று ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே ஓடினார். அந்த அவசரத்திலும் ஒரு மனிதன் படம் எடுக்கிறானே என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்தே நாளில் எங்கள் வீட்டு எதிர்ச்சுவரில் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் சுவரொட்டி. மேலே தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஆளுங்கட்சித் தலைவரின் தலை. கீழே நான், கையில் சாவி, முகத்தில் அந்தச் சிரிப்பு. "சொந்த வீடு தந்த தெய்வமே!" என்று நான் சொல்வதாகப் பெரிய எழுத்து. என் பக்கத்தில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. ஸ்டுடியோக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய ஏதோ ஒரு குடும்பப் படத்தில் புருஷனை வெட்டி எடுத்துவிட்டு என்னைச் செருகியிருக்கிறார்கள். பின்னால் தெரிகிற மாடி வீட்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் வார்டுப் பிரதிநிதி தனக்காகக் கட்டிக்கொண்டது. ஏழைகளின் வீட்டுக்கு வந்த சிமெண்டும் கம்பியும் எங்கே போயிற்று என்று யாரும் துப்புத் துலக்க வேண்டாம், என் முதுகுக்குப் பின்னால்தான் மூன்று மாடியாக நிற்கிறது. அந்த வீட்டுக்கு நான்தான் பூட்டுப் போட்டேன். ஒரு கதவுக்கு மூன்று பூட்டுக் கேட்டார். திருடனுக்குத்தானே திருட்டுப் பயம் தெரியும்.

குப்பை கொட்டப் போன தங்கள் தங்கை குப்பையோடு திரும்பி வந்தாள். "யாருங்க அவ?" என்றாள். எனக்கென்ன தெரியும் என்றேன். "தெரியாதவதான் தோளோட தோள் உரசிக்கிட்டு நிக்கறாளா? ரெண்டாவது பையனுக்கு உங்க காது அப்படியே இருக்கு." கழிப்பறைக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "பொய்யா இருந்தா இவ்வளவு பெரிசா போடுவாங்களா? தலைவர் படம் வேற இருக்கு" என்றாள். நியாயத்தைக் கேளுங்கள் மச்சான். பத்தொன்பது வருஷம் கூடவே இருந்து கஞ்சி குடித்தவன் சொல்வது பொய், பசை காயாத காகிதம் சொல்வது மெய்! அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்து, "சொந்த வீடு வந்தாச்சு, இன்னும் என் வீட்டுல என்ன வேலை? மாசக் கடைசில காலி பண்ணிடுங்க" என்றார். நான் வீட்டுவசதி அலுவலகத்துக்கு ஓடினேன். பதினோரு வருஷமாக அங்கே என் மனு வரிசையில் கிடக்கிறது. குமாஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்து, "அடடே, நீங்களா! நேர்ல கொஞ்சம் கறுப்பா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திருப்பிக் காட்டினார். என் பேர் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் 'வீடு பெற்றார்.' எந்த வீடு ஐயா, எந்தத் தெரு, கதவு எண் என்ன என்று கத்தினேன். "அதை நீங்கதான் சொல்லணும். வீட்டுல குடியிருக்கறது நீங்கதானே?" வீடு இல்லை என்று சான்றிதழ் வேண்டுமானால் அந்த இல்லாத வீட்டின் முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ஆள் போய்ப் பார்த்துவிட்டு வருமாம்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். திரும்பினால் சுவரொட்டிப் பெண்! மருத்துவமனையில் நர்ஸாம். அவளும் ஒன்பது வருஷமாக வீட்டுக்கு மனுப் போட்டவள். அவள் பேரையும் அடித்தாயிற்று. "ஒரே குடும்பத்துக்கு ரெண்டு வீடு எப்படிங்க தர முடியும்?" என்கிறார் குமாஸ்தா. "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று அவள் அலறுகிறாள். "சண்டையை வீட்டுல வச்சுக்கங்கம்மா" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே காத்திருந்த அவளுடைய நிஜப் புருஷன் என் சட்டையைப் பிடித்ததையும் மூன்று பொத்தான் போனதையும் தனியாக எழுதுவானேன்.

கொள்ளையடிக்கிறவனைக்கூட விட்டுவிடலாம் மச்சான், அது அவன் பிழைப்பு. எரியற வீட்டுல புடுங்கினவரைக்கும் லாபம்னு இருக்கறவன்கிட்ட நியாயம் கேக்க முடியுமா? எனக்கு வயிறெரியறது இந்த ஜனங்களை நெனச்சுத்தான். கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னுதானே சொல்லுவான்? தெருவுல ஒருத்தனுக்கும் வீடு கெடைக்கலை. ஆனா ஒவ்வொருத்தனும் "எனக்குத்தான் வரலை, அடுத்தவனுக்கெல்லாம் வந்துடுச்சு" என்று நம்புகிறான். என்னையே பார்த்து, என் ஓட்டைக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டே, "கொடுத்து வச்சவங்க" என்கிறான். தாங்கள் மட்டும் என்ன? போன தேர்தலில் 'வீடுதோறும் குழாய்' என்று ஒட்டினதைப் பார்த்து நல்ல கிணற்றை மண் போட்டு மூடியவர் தாங்கள். இன்றைக்குத் தங்கள் வீட்டு அக்கா நாலு தெரு தாண்டித் தண்ணீர் சுமக்கிறார்கள். பெரியவர் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்களும் நேற்று கேமராவோடு வந்தார்கள். உண்மையை ஊருக்குச் சொல்ல வந்தார்களாக்கும் என்று நாற்காலி போட்டேன். "நீங்க கொஞ்சம் அழணும். வீடு கெடைக்காம நொந்துபோன மாதிரி" என்றார்கள். நொந்துதான் போயிருக்கிறேன், ஆனால் உங்களுக்காக அழ மாட்டேன், போங்கடா வெளியே என்றேன். போகும்போது ஒருவன், "பரவால்லைங்க, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், நாங்களே பாத்துக்கறோம்" என்று சிரித்தான்.

ஆகையால் மச்சான் அவர்கள் கோபத்தை விட்டு, நான் உயிரும் உடம்புமாய்ச் சொல்லும் சொல்லை ஒருமுறை நம்பி, தங்கையைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்க வேண்டியது. அவள் இல்லாமல் எனக்கு இந்த வீடும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வசவுக்குப் பிறகும் மரியாதை குறையாத தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுமுன் இரண்டு நாள் காய்ச்சலில் கதவைச் சாத்திப் படுத்துவிட்டேன். மேலே அனுப்பிவைக்கச் சொன்னதை அடித்துவிடவும், தங்கள் தங்கை இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டாள். தெருமுனையிலிருந்தே தலைவிரிகோலமாக அழுதுகொண்டு வந்தாள். என் பேச்சை நம்பி வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் பழைய சுவரொட்டிக்கு மேலேயே புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். அதே படம்தான், சாவியை மட்டும் அழித்துவிட்டு, 'வீடு கிடைக்காத ஏக்கத்தில் உயிர்நீத்த ஏழைத் தொழிலாளி' என்று. தங்கள் ஊர் பஸ் நிலையத்திலும் ஒட்டியிருக்கிறதாம், எனவே தாங்களும் மாலையோடு கிளம்பியிருப்பீர்கள், வர வேண்டாம். அலுவலகத்திலும் 'வீடு பெற்றார்' என்பதை அடித்து 'காலமானார்' என்று திருத்திவிட்டார்களாம், வீட்டுக்காரர் வந்து சொன்னார். நான் கதவைத் திறந்ததும் தங்கள் தங்கை அழுகையை நிறுத்தினாள். என் கன்னத்தைத் தொட்டாள், கையைக் கிள்ளினாள், "ஏங்க, நெசமாவே நீங்கதானா?" என்றாள். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எதிர்ச்சுவருக்குப் போய் இன்னொரு தடவை படித்துவிட்டு வந்தாள்.