காஞ்சிபுரத்தில் நான் பார்த்த செருப்புகள்

தனியாக இருப்பவன், யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவான். தன்னையும் ஒருவர் கேட்டாரே என்ற சந்தோஷம். ஜவ்வாது மலையில் எனக்கு இந்த வியாதி பிடித்தது, காஞ்சிபுரத்தில் முற்றியது.

எண்பதுகளின் தொடக்கம். காவலூருக்கு அப்பால், நடந்து போக வேண்டிய ஒரு மலைக்கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி. அந்த ஓராசிரியர் நான். (தலைமை ஆசிரியரும் நான்தான். தாமதமாக வந்தால் என்னை நானே கூப்பிட்டுக் கண்டித்துக்கொள்ளலாம்.) ஊர்க்காரர்கள் நல்லவர்கள். ஆனால் சாமைக் கொல்லைக்கும் புளி உலுக்கவும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள், இருட்டியதும் தூங்கிவிடுவார்கள். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இரவெல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கினார்கள். நான் விழித்திருக்கும் நேரத்தில் பேச்சுக்கு அகப்பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை அவர்களும் கிடையாது.

மண்ணெண்ணெய் அடுப்போடு பேச ஆரம்பித்திருந்தேன். "இன்னா, இன்னிக்கு சீக்கிரம் பத்திக்கினியே" என்பேன். அது பதில் சொல்வதுபோல் தோன்றிய வாரத்தில் பயந்துபோய் அடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கினேன். அங்கே ஒரு சைக்கிள் கடை வாசலில் சிலேட்டுப் பலகை தொங்கியது. ஞாயிறு, காஞ்சிபுரம், ஒரு நாள் சுற்றுலா, வேன்.

கடைக்காரர் ஜெயராமன்தான் ஏற்பாடு. "எத்தினி பேரு சார்?" என்றார்.

"நான் மட்டும்தாங்க."

"மட்டுமா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஞாயிறு காலை வேனில் பார்த்தால் எல்லாரும் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். "ஃபேமிலிங்க சேந்து உக்காரட்டும் சார், நீங்க ஒண்டி ஆளு" என்று எனக்கு டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் இடம் கொடுத்தார் ஜெயராமன். போகப் போக அது தோசைக்கல்லாக மாறியது.

நான் சும்மா வரவில்லை. பயணிகளுக்குச் சொல்வதற்காகப் பல்லவர் வரலாற்றைப் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். ஆற்காடு தாண்டியதும் பின்னால் திரும்பி, "மகேந்திரவர்மன் காலத்திலே..." என்று தொடங்கினேன். என்ஜின் சத்தத்தில் டிரைவர் காதில் மட்டும்தான் விழுந்தது. "யாரு சார் அது, உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

முதல் கோயில் வந்தது. ஜெயராமனின் மனைவி சரோஜா அக்கா என்னிடம் வந்தார். அன்று காலை என்னிடம் தானாக வந்து பேசிய முதல் ஆள் அவர்தான். "தம்பி, நீங்க ஒண்டிதானே? செருப்புங்கள கொஞ்சம் பாத்துக்கறீங்களா? நாங்க போய்ட்டு வந்துடறோம், அப்புறமா நீங்க போங்க."

தலையாட்டினேன். அவர்கள் வருவதற்குள் வேன் கிளம்பும் நேரமாகிவிட்டது. இரண்டாவது கோயிலில் கேட்கக்கூட இல்லை. வரிசையாக வந்து என் காலடியில் கழற்றிவிட்டுப் போனார்கள். கல்லில் செதுக்கிய சிங்கங்கள் நிறைந்த ஊரில், அதுவரை நான் பார்த்தது ஆலங்காயத்துச் செருப்புகளை.

மூன்றாவது கோயிலில்தான் விபரீதம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். சின்னது முன்னால், பெரியது பின்னால். (காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளை நிறுத்துகிற பழக்கம்.) அந்த ஒழுங்கைப் பார்த்து வெளியூர்ப் பெரியவர் ஒருவர் தன் ஜோடியையும் விட்டார். "புதுசுப்பா, பத்திரம்" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். பிறகு ஒரு பஸ்ஸே வந்து இறங்கியது.

நான் செருப்பு பார்க்கிற ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏனென்றால் செருப்பை விட்டவர்கள் எல்லாரும் என்னிடம் பேசினார்கள். ஒரு அம்மாள் தன் மகளுக்கு வரன் அமையவில்லை என்றார். ஒருவர் மூட்டு வலி பற்றிச் சொன்னார். "எந்த ஊருப்பா, மழ உண்டா?" என்று ஒருவர் கேட்டார். மலையில் ஒரு பருவம் முழுக்கப் பேசாததை அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசித் தீர்த்தேன்.

அப்போது ஒரு குரல் வந்தது. "இன்னாயா, எவ பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தே?"

இடுப்பில் கைவைத்து நின்றாள் ஒரு பெண். சற்றுத் தள்ளி, நம்பர் வில்லை கொடுத்து முறையாகச் செருப்பு பார்க்கும் கடை அவளுடையது. அது காலியாகக் கிடந்தது. நான் பதில் சொல்வதற்குள் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தினார்கள். உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள்.

உச்சி வெயில். தரையில் கால் வைக்க முடியாமல் குதித்துக்கொண்டே வந்தவர்கள் கையில் கிடைத்ததை மாட்டினார்கள். ஒரே அளவுச் செருப்புகளை எல்லாம் நான் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்ததால், எல்லாருக்கும் எல்லாமே பொருந்தியது. என் ஒழுங்குணர்ச்சிக்கு அன்று கிடைத்த பலன் அது. கடைசியில் சரிகை வேட்டி கட்டிய ஆஜானுபாகு ஒருவர், ஒற்றைத் தோல் செருப்போடு நின்றார்.

"இன்னொண்ணு எங்கடா?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

"சார், நான் வாத்தியாருங்க."

"செருப்புக்கா? நட ஸ்டேஷனுக்கு."

நல்லவேளையாக ஜெயராமனும் சரோஜா அக்காவும் வந்தார்கள். "இவங்ககூட வேன்ல வந்தேங்க, கேளுங்க" என்று கெஞ்சினேன்.

சரிகை வேட்டி அவர்களிடம் திரும்பி, "உங்க ஆளா? பேரு இன்னா?" என்றார்.

ஜெயராமன் வாயைத் திறந்தார். மூடினார். மனைவியைப் பார்த்தார். சரோஜா அக்கா பின்னால் நின்ற டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தார். காலையிலிருந்து என் காலடியில் செருப்பு விட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவருக்கும் என் பெயர் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மலையில் அடுப்போடு பேசிய இரவுகளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அப்போது அந்தச் செருப்புக்கடைப் பெண் குறுக்கே வந்தாள். "கைய எடுய்யா. எந்தம்பி அவன். புத்தி கொஞ்சம் மட்டு. வூட்ல ஒண்டியா வுட முடியாதுன்னு இட்டாந்தேன்." என் பக்கம் குனிந்து, "வாயத் தொறக்காத. சிரி" என்றாள்.

சிரித்தேன். அது எனக்கு இயல்பாகவே வந்தது என்பதைப் பிறகு பலர் உறுதிசெய்தார்கள்.

சரிகை வேட்டியின் முகம் இளகிவிட்டது. கசங்கிய என் காலரை அவரே நீவிவிட்டு, "பாவம்" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அவள் தன் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ஜோடியைக் கொடுத்து அவரை அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உம் பேரு இன்னா?"

"சண்முகம்."

"சரி சண்முகம், வெயில்ல நிக்காத. போய் வண்டில ஏறு."

வேனில் ஏறியதும், அவள் சொன்னது பொய் என்று நடந்ததை விளக்கினேன். "ஆமாம்பா, ஆமாம்பா" என்றார் சரோஜா அக்கா. நான் தெளிவாக விளக்க விளக்க அவர் கண் கலங்கியது. நான் படித்தவன் என்று நிரூபிக்க மறுபடி மகேந்திரவர்மனை எடுத்தேன். அதோடு காரியம் முற்றிலும் கெட்டது.

என்ஜின் மூடியிலிருந்து ஜன்னலோரச் சீட்டுக்கு என்னை மாற்றினார்கள். புளியோதரை வந்தது. முறுக்கு வந்தது. "அம்மா எங்க கீறாங்க? தனியாவா சமைக்கிறே? ஜுரம் வந்தா யாருப்பா பாத்துக்குவா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கோபப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வேலூர் தாண்டியபோது அவர்களைத் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

மறுவாரமே சரோஜா அக்கா பலகாரத் தூக்கோடு மலையேறி வந்துவிட்டார். நான் பள்ளியில் இருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு விவசாயியிடம் விசாரித்திருக்கிறார். "வாத்தியாரு தங்கமான ஆளுங்க. பசங்களுக்கு நல்லா சொல்லித் தர்றாரு. ராத்திரில அடுப்பாண்ட பேசினு இருப்பாரு, வேற தொந்தரவு இல்ல" என்றாராம் அவர்.

சரோஜா அக்காவுக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. இவனை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்து, கணியம்பாடியில் இருந்த தன் சித்தப்பா மகள் வசந்தாவை எனக்குப் பேசினார். பெண் வீட்டில் அவர் சொன்னது இது: "கவர்மெண்டு வேல. குடி கெடையாது. புத்திதான் கொஞ்சம் மட்டு, ஆனா சொன்ன பேச்சு கேக்கும்." கடைசித் தகுதியைக் கேட்டுத்தான் சம்மதித்ததாக என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றுவரை நான் சர்க்கரைக்குப் பதில் உப்பு வாங்கி வந்தாலும், பஸ் மாறி ஏறினாலும் வசந்தா சண்டை போடுவதில்லை. "சொல்லித்தானே கட்டிக் குடுத்தாங்க" என்பாள், அமைதியாக. பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் பாராட்டு விழா நடத்தினார்கள். பேசியவர்கள் எல்லாரும் என் கூர்மையான அறிவை வானளாவப் புகழ்ந்தார்கள். முன்வரிசையில் வசந்தா புடவைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் இருந்த சரோஜா அக்காவுக்கு அப்போது காது மந்தம், அதனால் ரகசியமாகச் சொல்வதாக நினைத்து அவர் சொன்னது மைக்கைத் தாண்டிக் கேட்டது.

"பாவம், இவங்களுக்கு யாரும் சொல்லல போலக்குது."