ஒன்பது வருடச் சுளுக்கு

இனிமேல் வீட்டில் ஒளிவு மறைவே கூடாது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தார். அதாவது, ஒளித்ததை முதலில் நன்றாக மறைத்துவிட்டு, அதன் பிறகு ஒளிவு மறைவு இல்லாமல் வாழ்வது.

அவருடைய வலது முன்கையில் ஒரு மூன்றெழுத்துப் பெயர். மனைவியின் பெயர் அல்ல. இருபது வயதில் தலைகால் புரியாமல் குத்திக்கொண்ட பச்சை. பெயருக்குரியவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பெயர் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அதன்மேல் ஒரு கட்டுப் போட்டார். கேட்டவர்களிடம் சுளுக்கு என்றார். அந்தச் சுளுக்குக்கு இப்போது ஒன்பது வயது.

அதிசயமான சுளுக்கு. வேலை நேரத்தில் வலிக்காது. தண்ணீர் கேனைக் கண்டால் உயிர் போகும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. கேனை மனைவிதான் சுமந்தாள். அவருக்கு மனசு உறுத்தும். ஆனால் பெயர் தெரிந்தால் குடும்பம் என்ன ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் டாட்டூ கடைக்குப் போய்க் கட்டை அவிழ்த்தார்.

“சின்னதா ஒரு சிலுவை போதும். பேரு மேலயே போட்டுருங்க.”

டாட்டூக்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பழசை மறைக்கணும்னா அதைவிட மூணு மடங்கு பெருசா, இன்னும் கறுப்பா போடணும் சார். சிலுவையில மொத எழுத்துதான் அடங்கும்.”

“ரெண்டாவது?”

“முள்முடி போட்டு வளைச்சிடலாம்.”

“மூணாவது?”

“அதோட வால் நீளமா இருக்கே. புறா விட்டாத்தான் சரிவரும். இறக்கையை முழங்கை வரைக்கும் விரிச்சு விடறேன்.”

“விடுங்க, விடுங்க!”

“இனிஷியல் மட்டும் குத்தியிருந்தா சிலுவையோட முடிஞ்சிருக்கும் சார்.”

இரண்டு வாரத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியைக் கூப்பிட்டு, சிலை திறப்பதைப் போலக் கட்டைப் பிரித்தார்.

“அடடா, எவ்வளவு அழகா இருக்கு! எப்பங்க போட்டீங்க?”

“விசுவாசம்மா. உள்ளேர்ந்து தானா வந்துச்சு.”

“அப்ப சுளுக்கு?”

அதை அவர் யோசிக்கவே இல்லை. “சுளுக்கா? அது... போயிருச்சு.”

“சிலுவை போட்டதும் போயிருச்சா?”

“போட்டதுமே!”

ஒன்பது வருட பயம் ஒழிந்தது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைய ஆராதனையில், தேவன் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் மனைவி எழுந்து நின்றாள்.

“ஒன்பது வருஷமா தண்ணி கேன் தூக்காத கை இது. இன்னிக்குக் கட்டு அவிழ்ந்துருச்சு. இனிமே வீட்டுல ஒரு சுமையும் என்னைத் தூக்க விடமாட்டார்!”

சபையே அல்லேலூயா என்றது. போதகர் அவர் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயித்த களிப்பில் அவரும் தட்டினார். பாதித் தட்டலில்தான் அவள் சொன்னது உறைத்தது.

வீட்டு வாசலில் நான்கு கேன்கள் காத்திருந்தன. மனைவி கைப்பையை மட்டும் வீசிக்கொண்டு முன்னால் ஏறினாள். இரண்டாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“புறா பிரமாதங்க,” என்றாள் திரும்பாமலே. “மூணாவது எழுத்தோட வால் தெரியவே இல்லை.”

கேன் நழுவப் பார்த்தது. “உ... உனக்கு எப்படி?”

“கல்யாணமான மொத வாரமே காய்ச்சல்ல கிடந்தீங்களே, கட்டு மாத்திவிட்டது யாரு? நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் சண்டையோட முடிஞ்சிருக்கும்.”

கதவைத் திறந்து நின்று வழிவிட்டாள்.

“வச்சிட்டு வாங்க. கீழ இன்னும் மூணு இருக்கு.”