கிழமைக்கு முந்நூறு பவுண்

அரசாங்கம் தரும் பெனிபிட் காசு எடுப்பதற்காக வருமானத்தை ஒளித்தவர்களின் கதை உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும். இல்லாத வருமானத்தை அள்ளிவிட்டு, கிடைக்க இருந்த பெனிபிட்டையும் தொலைத்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை, கைக்குழந்தை, மூன்று மாத வாடகைப் பாக்கி. மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் வெளியேற வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரர் கடிதமே தந்துவிட்டார். என் கணவருடைய பிஸ்னஸ், வீடியோ கசெற் வாடகைக்கு விடுவது. கார் டிக்கியில் தமிழ்ப் படங்களை நிரப்பிக்கொண்டு வீடு வீடாகப் போவார். போகிற வீடெல்லாம் இனசனத்தின் வீடு. (மாமாவிடம் காசு கேட்க ஏலுமே? மாமி தேத்தண்ணி வேறு தந்துவிடுவா.) ஏழு நாளும் ஓடினால், நல்ல கிழமையில் பதினெட்டுப் பவுண் மிஞ்சும்.

வாடகைக்கு நகரசபைக் கவுன்சில் உதவும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. பிஸ்னஸ்காரன் அங்கே போய் நிற்பதா என்று இவர் மறுத்துவிட்டதால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். என் ஆங்கிலத்தை இரண்டு வசனம் கேட்ட அதிகாரி அம்மா, மூன்றாவதற்குக் காத்திராமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். டையும் கழுத்துப்பட்டியுமாக வந்தவரைக் கண்டதும் கலைந்த தலைமயிரை அவசரமாக ஒதுக்கிக்கொண்டேன். ஊரில் என்னைப் பெண் கேட்டு வந்த வாத்தியார். லண்டனில் சொந்த பிஸ்னஸ் செய்யும் மாப்பிள்ளை சரிவந்துவிட்டது என்று சொல்லி அப்பா திருப்பி அனுப்பிய அதே வாத்தியார்.

அவர் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "உங்கட அவரின்ர பிஸ்னஸில கிழமைக்கு எவ்வளவு வருகுது எண்டு கேக்கினம்" என்றார். பதினெட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முந்நூறு" என்றேன். அதுவும் போதாதென்று பட்டதால், "செலவு போக" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நான் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். வாடகை ஞாபகம் பஸ்ஸில்தான் வந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. துணைவரின் வருமானம் அதிகம், உதவி கிடையாது. இவர் இரண்டு தரம் படித்துவிட்டு, இது ஆரின்ர வருமானம் என்று கேட்டார். வாத்தியார் விஷயம் உட்பட எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன். "உமக்கென்ன விசரே? வீடு போகப்போகுது, உமக்கு மானமோ பெரிசு?" என்று ஏசிவிட்டு, மறுநாள் கணக்குக் கொப்பியோடு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதே மேசை, அதே வாத்தியார். இவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை கழுத்துப்பட்டியில் கொஞ்சம் நின்றது. கொப்பியை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தார்.

"முந்நூறு எண்டது பிழைதான்" என்றார். "சில கிழமை நானூறும் வரும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பதினெட்டு, அதுவும் நல்ல கிழமையில் என்று நான் கத்த, குழந்தையும் சேர்ந்து கத்தியது. அதிகாரி அம்மா பேனையும் கையுமாகக் காத்திருந்தார். வாத்தியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் இப்ப ஆர் சொன்னதைச் சொல்லுறது?"

இவர் தலையைக் குனிந்தபடி கொப்பியை நீட்டினார். அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்குச் சரியான பாவமாக இருந்தது. வாத்தியார் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் வரி வரியாக வாசித்து மொழிபெயர்த்தார். மாமா வீடு, சும்மா. சித்தப்பா வீடு, சும்மா. மச்சான் வீடு, பாதிக் காசு. எங்களுக்கு உதவி கிடைத்தது, வீடும் தப்பியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் புளுகினாலும் மற்றவர்கள் கேட்பது வாத்தியாரின் அந்தக் கேள்வியைத்தான். அன்றைய கைக்குழந்தைக்குக் கலியாணம் பேச வந்தவர்கள், இவருடைய வருமானத்தை நாசூக்காக விசாரித்தார்கள். இவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். இடையில் புகுந்து கூட்டிச் சொன்னது நான்.

"அம்மா, இப்ப ஆர் சொன்னதைச் சொல்லுறது?" என்று மகள் அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.